வெங்காரம்

ஆறு குப்பிகளும் என் கையால் நிரப்பியவை.
ஃபார்மலின் அளந்தேன், கடல்நீர் அளந்தேன்,
லேபிளில் எழுதினேன்: சாங்கி, அதிகாலை 4.10, நீர் வற்றிய நேரம்.
வெங்காரம் ஒரு கரண்டி போட
மறந்தேன்.

அன்று தோள்வலி.
பாலிகிளினிக்கில் படம் எடுத்து
"கால்சியம் சேர்ந்திருக்கு ஆன்ட்டி" என்றார் டாக்டர்,
பயறளவு வெள்ளைப் புள்ளியைப் பேனாவால் தட்டி.
உங்களுடையது பாஸ்பேட், நத்தையுடையது கார்பனேட்
என்று பிற்பாடு ஹுவே லின் திருத்தினாள்.
மொட்டைத்தலை, முழங்கால்; முடிச்சு நிற்கவில்லை.
வலித்தது, மறந்தேன், அவ்வளவுதான்.

ஓடில்லா நத்தை அது.
வெள்ளை உடம்பு, கறுப்புப் புள்ளிகளால் ஆன வளையங்கள்,
கட்டைவிரல் நீளம்.
முட்டையை விட்டு வரும்போது ஓட்டோடுதான் வருமாம்.
நீந்தித் திரிந்து, பிடித்த கடற்பஞ்சு கிடைத்ததும்
கழற்றிப் போட்டுவிடுமாம்.
சுண்ணாம்பை மட்டும் விடாது.
சதைக்குள், ஊசி ஊசியாய்,
அடுக்கி வைத்துக்கொள்ளும்.
மூன்று வருடமாக ஹுவே லின் எண்ணுவது
அந்த ஊசிகளை.

நான் இந்தக் கென்ட் ரிட்ஜ் கட்டடத்தில்
இருபத்திரண்டு வருடமாகக் குடுவை கழுவுகிறேன்,
கரைசல் கலக்குகிறேன்.
ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள்.
நுண்ணோக்கியில் குனியச் சொல்லி அவள் நகர்ந்த நாளில்
என் இரண்டு கண்ணிலும் சுண்ணாம்பு.
இருட்டில் ஊசிகள் மட்டும் எரிந்தன,
நீலமாய், மஞ்சளாய்,
தட்டைத் திருப்பத் திருப்ப அணைந்து, மறுபடி பற்றி.
"இதை உள்ள வச்சிக்கிட்டா ஊர்ந்துச்சு?"
தமிழிலேயே கேட்டுவிட்டேன்.
புரிந்ததுபோலச் சிரித்தாள்.

திங்கட்கிழமை அதே தட்டு, அதே விளக்கு.
முதல் குப்பி: கறுப்பு.
இரண்டாவது: கறுப்பு.
ஆறாவதுக்குமுன் எழுந்து பல்பைக் கழற்றிப் பார்த்தாள்.
பல்பு நன்றாகத்தான் இருந்தது.

வெங்காரம் இல்லாத ஃபார்மலின்
நாளடைவில் புளிக்கும். புளிப்பு சுண்ணாம்பைத் தின்னும்.
ஊசி இருந்த இடத்தில் ஊசியளவு வெற்றிடம்,
ஆணி பிடுங்கிய சுவர்போல.
இடுக்கியில் தூக்கினால்
ஈரத்துணியாய்த் தொங்கியது.

"மழைத்தண்ணீர் கலந்திருக்குமோ" என்றாள்.
பழியை வானத்தின்மேல் போட நல்ல வாய்ப்பு.
மதியம்வரை போட்டு வைத்திருந்தேன்.
டப்பாவைத் திறந்து ரசச்சோறு ஒரு வாய்.
புளி நாக்கில் பட்டது.
கை கழுவிவிட்டுப் போய்ச் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.
நீர்மட்ட அட்டவணையை விரலால் தேடி,
"வியாழன், நாலு மணி.
டார்ச் பிடிக்க ஆள் வேணும், ஆன்ட்டி."

சாங்கியில் கடல் பின்வாங்கிக் கிடந்தது.
இரவல் பூட்ஸ், இரண்டு சைஸ் பெரிது.
கால் வைத்த இடத்தில் ஒரு கோங்கோங்;
கடையில் பல்குத்தியால் இழுத்துத் தின்றிருக்கிறேன்,
உயிரோடு பார்த்ததில்லை.
ஓடு உடைந்தால் பூசிக்கொள்ள
நத்தைகள் சில சதைக்குள் சுண்ணாம்பு சேமிக்கும் என்றாள்.
மன்னிப்புக் கேட்டுத் தாண்டினேன்.

நீலக் கடற்பஞ்சின்மேல்
இரண்டு, பக்கத்தில் பக்கத்தில்.
"தொடலாமா?"
"ஒரு விரல்."
பூனையின் நாக்கு மாதிரி சொரசொரப்பு.
விரலுக்கடியில் அது தன்னை இறுக்கிக்கொண்டது.
இருபத்திரண்டு வருடத்தில்
நான் தொட்ட முதல் உயிருள்ள ஒன்று.

தோள் கனத்தது. டார்ச்சைக் கை மாற்றினேன்.
குப்பியின் அடியில் வெங்காரம்
கரையாமல் மிச்சம் படிந்து கிடந்தது;
மூன்று கரண்டி போட்டிருந்தேன்.

ஒன்றை எடுத்தாள்.
மற்றதை விட்டுவிடு என்று நான் சொன்னேனா,
அவளாகவே விட்டாளா,
தலைக்குமேல் இறங்கிய விமானச் சத்தத்தில்
எனக்கே கேட்கவில்லை.